அலைக்குப் பத்து மணி நேரம், தண்ணீருக்கு நாலு வருஷம்

ஃபுகுஷிமா என்று இணையத்தில் தேடினால் அடிக்கடி கண்ணில் படும் ஒரு படம் உண்டு. பசிபிக் பெருங்கடலின் மேப். ஜப்பானின் கிழக்குக் கரையில் கறுப்பும் ஊதாவுமாக ஒரு திட்டு. அங்கிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று விசிறி மாதிரி விரிந்து ஹவாய், அமெரிக்கா, சிலி வரைக்கும் போகும். "ஃபுகுஷிமா கதிர்வீச்சு கடலில் பரவிய விதம்" என்று மேலே யாராவது எழுதியிருப்பார்கள். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும்.

படத்தின் ஓரத்தில் ஒரு கலர் அளவுகோல் இருக்கும். பல ஃபார்வர்டுகளில் அதை வெட்டியிருப்பார்கள். வெட்டாத படம் கிடைத்தால் அலகைப் பாருங்கள்: சென்டிமீட்டர். கதிரியக்கத்தை சென்டிமீட்டரில் அளப்பதாக எந்த செமஸ்டரிலும் யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை! அது அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிட்ட சுனாமி மேப். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தால் கிளம்பிய அலை, எந்த இடத்தில் அதிகபட்சம் எவ்வளவு உயரம் எழுந்தது என்பதைக் காட்டுகிறது. கதிரியக்கத்துக்கும் அந்த நிறங்களுக்கும் சம்பந்தமே இல்லை.

"ஆக எல்லாமே புரளி, கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. கடலில் சீசியம் கலந்தது உண்மை. அது பசிபிக்கைக் கடந்து கனடா கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்மை. எப்படிப் போனது, எவ்வளவு போனது, எங்கே போகாமல் தங்கிவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை. பன்னிரண்டாம் வகுப்பு பிசிக்ஸும் கொஞ்சம் கெமிஸ்ட்ரியும் ஞாபகம் இருந்தால் போதும்.

முதலில் அலை. ஆழ்கடலில் சுனாமியின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. ஆழம் 4000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு சுமார் 200 மீட்டர், அதாவது மணிக்கு 700 கி.மீ. சொச்சம். அன்றைய அலை சுமார் பத்து மணி நேரத்தில் கலிபோர்னியாவைத் தொட்டுவிட்டது. ஆனால் ஜப்பான் கரையில் இருந்த தண்ணீரா கலிபோர்னியாவுக்குப் போனது? இல்லை. அலை சுமந்து போனது ஆற்றலை. தண்ணீர்த் துகள்கள் தங்கள் இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிவிட்டு நின்றுகொண்டன. சீசியம் தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள். தண்ணீர் போனால்தான் அதுவும் போகும். அந்தப் பயணம் பத்து மணி நேரத்தில் முடிகிற விஷயம் இல்லை.

அந்த நாலு வாரம்

நிலநடுக்கம் வந்தது ஜப்பான் நேரப்படி மதியம் 2:46-க்கு. ஃபுகுஷிமா தாய்-இச்சி நிலையத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்தவை 1, 2, 3-ஆம் அணுஉலைகள். நில அதிர்வை உணர்ந்ததும் மூன்றும் தானாக நின்றுவிட்டன. பிரச்சினை, நின்ற பிறகும் உலைக்குள் சிதைவு வெப்பம் வந்துகொண்டே இருக்கும் என்பது. அதைத் தணிக்கத் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் ஓட பம்பு ஓட வேண்டும், பம்பு ஓட கரண்ட் வேண்டும். சுமார் 50 நிமிஷம் கழித்து வந்த அலை 14-15 மீட்டர் உயரம். நிலையம் நின்ற தரைமட்டமே 10 மீட்டர்தான். டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை டர்பைன் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. மூழ்கிவிட்டன.

(நம்ம கல்பாக்கத்திலும் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமித் தண்ணீர் பம்பு ஹவுஸுக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது யூனிட்டைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள், அணுஉலைக் கட்டடத்துக்குத் தண்ணீர் போகவில்லை. கரையோரத்தில் உலை கட்டுபவர்களுக்குத் தரைமட்டம் என்பது எவ்வளவு முக்கியமான எண் என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.)

மார்ச் 12, 14, 15 தேதிகளில் ஹைட்ரஜன் வெடிப்புகள். கதிரியக்கப் பொருள் கடலுக்குப் போன முதல் வழி காற்று. அந்த நாட்களில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. அதனால் காற்றில் கலந்ததில் பெரும்பங்கு, எண்பது சதவீதம் வரை இருக்கலாம் என்கிறார்கள், பசிபிக் மேல்தான் விழுந்தது. காற்று வேகமான பயணி. ஒரு வாரத்துக்குள் அமெரிக்க மேற்குக் கரையில் இருந்த கருவிகள் இங்கிருந்து போன ஸெனான்-133 வாயுவைப் பிடித்துவிட்டன.

இரண்டாவது வழி நேரடிக் கசிவு. உருகிய எரிபொருளின் மேல் ஊற்றிய தண்ணீர் அதோடு உரசி, அடித்தளத்தில் தேங்கி, வழி தேடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 2 அன்று, 2-ஆம் உலையின் கடல்நீர் உள்ளிழுக்கும் இடத்தருகே கேபிள் போகும் ஒரு குழியில் விரிசலைக் கண்டுபிடித்தார்கள். அதன் வழியாக அந்தத் தண்ணீர் நேராகக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. அடைக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கான்கிரீட் ஊற்றினார்கள். தண்ணீரை உறிஞ்சும் பாலிமர், மரத்தூள், கிழித்த செய்தித்தாள் எல்லாம் போட்டார்கள். தண்ணீர் எந்த வழியில் வருகிறது என்று தெரிந்துகொள்ள குளியல் பவுடரைக் கரைத்து விட்டார்கள். உலகத்தின் மிக முன்னேறிய தொழில்நுட்ப நாடுகளில் ஒன்று! கடைசியில் வாட்டர் கிளாஸ் எனப்படும் சோடியம் சிலிகேட்டைச் செலுத்தி ஏப்ரல் 6-ல் அடைத்தார்கள்.

மூன்றாவது, வேண்டுமென்றே விட்டது. அதிகக் கதிரியக்கம் கொண்ட தண்ணீரைச் சேமிக்க இடம் இல்லாததால், குறைந்த கதிரியக்கம் கொண்ட சுமார் 10,000 டன் தண்ணீரை ஏப்ரல் 4 முதல் 10 வரை நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனம் கடலில் திறந்துவிட்டது. உலகம் முழுக்கக் கண்டனம் வந்தது இதற்குத்தான். ஆனால் டெப்கோ போட்ட கணக்கையே பாருங்கள். 10,000 டன்னில் போன கதிரியக்கம் சுமார் 0.15 டெரா பெக்கரல். விரிசல் வழியாகப் போனது வெறும் 520 டன் தண்ணீர், அதில் 4700 டெரா பெக்கரல். கன அளவில் இருபதில் ஒரு பங்கு, கதிரியக்கத்தில் முப்பதாயிரம் மடங்கு. எத்தனை டன் என்று மட்டும் சொல்கிற செய்தியை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நாலாவது, நிலத்தடி நீர். மேற்கே உள்ள மலையிலிருந்து இறங்கும் நிலத்தடி நீர் ஒரு நாளைக்குச் சுமார் 400 டன் கட்டடங்களுக்குள் புகுந்துகொண்டிருந்தது. மாசுபட்ட நிலத்தடி நீர் கடலுக்குக் கசிகிறது என்பதை டெப்கோ ஒத்துக்கொண்டது 2013 ஜூலையில். கடல் பக்கம் இரும்புச் சுவர் கட்டி முடித்தது 2015 அக்டோபரில். மண்ணையே உறைய வைக்கும் பனிச்சுவரைத் தொடங்கியது 2016-ல். விபத்து நடந்தது 2011 என்பதை மறந்துவிட வேண்டாம்.

எண்ணைப் பார், அலகையும் பார்

ஒரு விநாடிக்கு ஒரு அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். மிகச் சின்ன அலகு. அதனால் கடல் கணக்கில் பூஜ்யங்கள் நிறைய வரும். கடல் ஆய்வாளர்கள் ஒரு கனமீட்டருக்கு எத்தனை பெக்கரல் என்று எழுதுவார்கள், குடிநீர்க்காரர்கள் லிட்டருக்கு எத்தனை என்று எழுதுவார்கள். ஒரு கனமீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். இந்த ஆயிரத்தைத் தவறவிட்டு எழுதினால் பீதியும் ஆயிரம் மடங்கு ஆகும், சமாதானமும் ஆயிரம் மடங்கு ஆகும். இங்கே எல்லாம் கனமீட்டர் கணக்கிலேயே சொல்கிறேன்.

விபத்துக்கு முன் ஜப்பான் பக்கக் கடலில் சீசியம்-137 இருந்தது 1 முதல் 2 பெக்கரல். பூஜ்யம் இல்லை, கவனியுங்கள். 1950, 60-களில் வல்லரசுகள் வளிமண்டலத்தில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் மிச்சம் அது. 2011 ஏப்ரல் முதல் வாரத்தில் நிலையத்தின் வெளியேற்றுக் கால்வாய் அருகே அளந்தது 6 கோடியே 80 லட்சம் பெக்கரல். விரிசலை அடைத்த ஒரு மாதத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. சீசியம்-137-ன் அரை ஆயுள் 30 வருஷம், ஒரு மாதத்தில் அது சிதைந்து குறைய வழியே இல்லை. குறைந்ததற்குக் காரணம் கடல் கலக்கிக் கரைத்தது. அதற்குப் பிறகு அந்த வேகத்தில் குறையாமல் ஒரு மட்டத்திலேயே நின்றது. எங்கிருந்தோ இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். டெப்கோ வாயைத் திறந்து சொல்வதற்கு முன்பே அந்த கிராஃப் சொல்லிக்கொண்டிருந்தது.

அயோடின்-131 பற்றிப் பலர் பயந்தார்கள். முதல் வாரங்களில் அது நியாயமான பயம். ஆனால் அதன் அரை ஆயுள் 8 நாள். எண்பது நாளில் பத்து அரை ஆயுள் முடிந்து ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். கடலின் நீண்ட பயணத்துக்கு அது வரவே வராது. அந்தப் பயணத்தின் கதாநாயகர்கள் சீசியத்தின் இரண்டு ஐசோடோப்புகள்: 30 வருஷ அரை ஆயுள் கொண்ட 137, 2 வருஷ அரை ஆயுள் கொண்ட 134.

குரோஷியோ என்னும் மதில்

ஜப்பானின் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான குரோஷியோ நீரோட்டம் கரையை ஒட்டி வடகிழக்காக ஓடி வருகிறது. வடக்கிலிருந்து குளிர்ந்த ஓயாஷியோ இறங்கி வருகிறது. இரண்டும் சந்திக்கும் வட்டாரத்தின் ஓரத்தில்தான் ஃபுகுஷிமா. மீன் வளத்துக்குப் பேர் போன கடல் அது, காரணமும் இந்தச் சந்திப்புதான்.

2011 ஜூனில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த கென் பியூசலர் தலைமையில் ஒரு குழு கப்பலில் போய், கரையிலிருந்து 30 கி.மீ. தொடங்கி 600 கி.மீ. வரை தண்ணீர் எடுத்தது. அவர்கள் பார்த்த அதிகபட்சம் 4000-க்குக் கொஞ்சம் கீழே. அது கரைக்கு மிக அருகிலும் இல்லை, வட்டமாகச் சுழலும் ஒரு நீர்ச்சுழலுக்குள் சிக்கியிருந்தது. குரோஷியோவுக்குத் தெற்கே போனால் அளவு சட்டென்று விழுந்தது. வேகமாக ஓடும் ஆற்றை நீந்திக் கடப்பது எவ்வளவு கஷ்டமோ, அந்த நீரோட்டத்தைக் குறுக்கே கடப்பது சீசியத்துக்கும் அவ்வளவு கஷ்டம். மதில் மாதிரி நின்று எல்லாவற்றையும் கிழக்கே திருப்பிவிட்டது.

முழு மதில் என்றும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் மேற்பரப்பு நீர் குளிர்ந்து, அடர்த்தி கூடி, கீழே அமிழும். அப்படி அமிழ்ந்த நீரோடு கொஞ்சம் சீசியம் குரோஷியோவின் அடியில் புகுந்து தெற்கே போய்விட்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை சுமார் 300 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். மேலே மட்டும் தண்ணீர் எடுத்திருந்தால் அது இருப்பதே தெரிந்திருக்காது.

கிழக்கே போன கூட்டத்தின் வேகம், முதல் ஒரு வருஷத்தில் விநாடிக்குச் சுமார் 8 சென்டிமீட்டர். ஒரு நாளைக்கு 7 கி.மீ. ஹாஸ்டலிலிருந்து பஸ் ஸ்டாண்டு தூரத்தை ஒரு நாள் முழுக்க நடக்கிற மாதிரி. ஜப்பானிலிருந்து கனடா கரை சுமார் 7500 கி.மீ. வகுத்துப் பாருங்கள், மூன்று வருஷம். பாதி வழிக்கு மேல் வேகம் குறைந்தது என்பதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். கனடா ஆய்வாளர்கள் கரையிலிருந்து 1500 கி.மீ. தள்ளி முதல் தடயத்தைப் பார்த்தது 2012 ஜூனில், கண்டத்திட்டில் பார்த்தது 2013 ஜூனில், கரையிலேயே பார்த்தது 2015 பிப்ரவரியில்.

போய்ச் சேரும்போது எவ்வளவு இருக்க வேண்டும்? இதையும் ஒரு துண்டுப் பேப்பரில் போட்டுவிடலாம். வட பசிபிக்கில் சேர்ந்த சீசியம்-137 மொத்தம் சுமார் 16 பெட்டா பெக்கரல் என்று வையுங்கள், ஆய்வுகள் சொல்லும் வரம்புக்குள் வரும் எண். வட பசிபிக்கின் பரப்பு சுமார் 7.7 கோடி சதுர கி.மீ. அதில் மேல் 200 மீட்டரில் மட்டும் எல்லாம் சமமாகக் கலந்தால்? ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1 பெக்கரல். சமமாகக் கலக்காது, கூட்டமாகத்தான் போகும் என்பதால் சில இடங்களில் இதைப்போல் சில மடங்கு இருக்கும். ஆக, கரைக்கு வரப்போவது ஒற்றை இலக்கம். தண்ணீர் எடுக்கும் முன்பே இவ்வளவு சொல்ல முடிகிறது.

ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு கழித்தலும்

அமெரிக்கக் கரையோரக் கடலில் கதிரியக்கத்தை அளப்பது தன் வேலை என்று எந்த மத்திய அரசு அமைப்பும் முன்வரவில்லை. 2014 தொடக்கத்தில் பியூசலர் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். பயந்துபோயிருந்த கரையோர மக்களே ஆளுக்கு 20 லிட்டர் கடல்நீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இது. "பயப்படாதீங்க" என்று மேடை போட்டுப் பேசுவதற்குப் பதிலாக, "நீங்களே தண்ணீர் எடுத்துக் கொடுங்க, அளந்து சொல்றேன்" என்றார் மனுஷன்.

2015 பிப்ரவரியில் கனடாவின் யூக்லூலெட் என்ற சின்ன ஊர்ப் படகுத்துறையில் எடுத்த தண்ணீரில் சீசியம்-137 5.8 பெக்கரல், சீசியம்-134 1.4 பெக்கரல் இருந்தது. அந்த 1.4 தான் கைரேகை. குண்டுச் சோதனைகளின் காலத்திலிருந்து இவ்வளவு வருஷம் தாங்கியிருக்க 134-ஆல் முடியாது. கடலில் 134 இருந்தால் அது ஃபுகுஷிமாவிலிருந்து வந்தது, வேறு பேச்சே இல்லை.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். ஃபுகுஷிமாவிலிருந்து கிளம்பும்போது 134-ம் 137-ம் ஏறக்குறைய சம அளவு. கிளம்பி 3.9 வருஷம் ஆகிவிட்டது. 134-க்கு அரை ஆயுள் 2.06 வருஷம், அதாவது இதுவரை 1.9 அரை ஆயுள் கழிந்திருக்கிறது. இரண்டின் அடுக்கு 1.9 என்பது சுமார் 3.7. அப்படியானால் இன்றைய 1.4 என்பது கிளம்பும்போது 5.2 ஆக இருந்திருக்கும். அதே அளவு 137-ம் கிளம்பியிருக்கும், அது இந்த 3.9 வருஷத்தில் ஒன்பது சதவீதம்தான் குறைந்திருக்கும், மிச்சம் 4.7. மொத்தம் அளந்தது 5.8. கழித்தால் 1.1. விபத்துக்கு முன் கடலில் இருந்த குண்டுச் சோதனை மிச்சம் 1 முதல் 2 என்று மேலே பார்த்தோமே, அதே எண் வந்து நிற்கிறது! கடலின் இந்தக் கரையில் எடுத்த ஒரு பக்கெட் தண்ணீர், எவ்வளவு ஜப்பானிலிருந்து வந்தது, எவ்வளவு கென்னடி, குருஷ்சேவ் காலத்தது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறது.

5.8 ஆபத்தா? அந்தத் தண்ணீரில் தினமும் ஆறு மணி நேரம் வீதம் ஒரு வருஷம் நீந்தினாலும் கிடைக்கும் அளவு, ஒரு தடவை எடுக்கும் பல் எக்ஸ்ரேயில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்று உட்ஸ் ஹோல் குழு கணக்குச் சொன்னது. கடல்நீரில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 கனமீட்டருக்கு சுமார் 12,000 பெக்கரல் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். சரிதான். ஆனால் இந்தப் பொட்டாசியத்தைக் காட்டியே எல்லாவற்றையும் மழுப்புகிறவர்களும் உண்டு. கனடா கரைக்கு அந்த ஒப்பீடு செல்லும். ஃபுகுஷிமா துறைமுகத்துக்குள் செல்லாது. ஏன் என்பதற்கு மீனைப் பார்க்க வேண்டும்.

நீந்தியவை, படுத்துக் கிடந்தவை

தண்ணீருக்கு முன்னால் பசிபிக்கைக் கடந்தது ஒரு மீன். பசிபிக் ப்ளூஃபின் டூனா, நம்ம சூரை மீனின் பெரிய சொந்தக்காரர். குஞ்சுகள் ஜப்பான் பக்கம் பிறந்து, வளரும் வயதில் நீந்தி கலிபோர்னியா வரை வரும். 2011 ஆகஸ்டில் சான் டியேகோ பக்கம் பிடிபட்ட 15 டூனாக்களைச் சோதித்தபோது பதினைந்திலும் சீசியம்-134 இருந்தது. உலர்த்திய சதையில் கிலோவுக்குச் சராசரி 4 பெக்கரல். விபத்து நடந்து ஐந்தே மாதம். "டூனாவில் கதிரியக்கம்" என்று தலைப்புகள் பறந்தன. அதே சதையில் இயற்கையான பொட்டாசியம்-40 கிலோவுக்குச் சுமார் 350 பெக்கரல் இருந்ததை எத்தனை தலைப்புகள் சொன்னன என்று நான் எண்ணவில்லை.

சீசியம் கெமிஸ்ட்ரியில் பொட்டாசியத்தின் தம்பி. பீரியாடிக் டேபிளில் ஒரே தொகுதி. அதனால் உடல் அதைப் பொட்டாசியம் என்று நினைத்துத் தசையில் வைத்துக்கொள்கிறது. ஆனால் கடல்மீன் உப்பைத் தொடர்ந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் பிராணி. சுத்தமான தண்ணீருக்குப் போய்விட்டால் சில மாதங்களில் சீசியத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும். நன்னீர் மீன் நேர் எதிர், உப்பை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஃபுகுஷிமாவில் கடல்மீன் தேறிய பிறகும் ஆற்று மீனும் ஏரி மீனும் தேறவில்லை. கணவாய், ஆக்டோபஸ், சங்கு போன்றவற்றில் சீசியம் தங்கவே இல்லை. 2012 ஜூனில் ஃபுகுஷிமா மீனவர்கள் சோதனை முறையில் மீண்டும் தொழிலுக்குப் போனபோது ஆக்டோபஸையும் சங்கையும் முதலில் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

தேறாமல் கிடந்தவை அடிமட்ட மீன்கள். ஐனாமே என்று ஜப்பானில் சொல்லும் ஒரு பாறை மீன் உண்டு. ஒரே இடத்தில் படுத்துக் கிடக்கும், அடியில் இருக்கும் புழு, நண்டைத் தின்னும். 2013 பிப்ரவரியில் நிலையத்தின் துறைமுகத்துக்குள் பிடித்த ஒரு ஐனாமேயில் கிலோவுக்கு 7,40,000 பெக்கரல். ஜப்பானின் உணவு வரம்பு கிலோவுக்கு 100. ஏழாயிரத்து நானூறு மடங்கு. அதே நேரத்தில் திறந்த கடலில் பிடித்த பெரும்பாலான மீன்கள் வரம்புக்குள் வந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போன சீசியத்தைவிட, கூப்பிடு தூரம்கூடப் போகாத சீசியம்தான் மோசம் செய்தது.

வண்டல் அதற்கு வீடு. களிமண் தாதுக்களின் அடுக்குகளுக்கு இடையே சீசியம் அயனி கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், எளிதில் வெளியே வராது. கடலுக்குள் மொத்தம் போனதில் கரையோர வண்டலில் தங்கியது ஒரு சதவீதம் அளவுதான். ஆனால் தண்ணீர் ஓடிவிடும், வண்டல் ஓடாது. ஐனாமே அந்த ஒரு சதவீதத்தின் மேல்தான் படுத்திருந்தது.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஓர் இடம் கடற்கரை மணல். 2013-க்கும் 2016-க்கும் இடையில் நிலையத்திலிருந்து 100 கி.மீ. வரை உள்ள எட்டுக் கடற்கரைகளில் குழாய் இறக்கி, மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள். சில இடங்களில் நிலையத்தின் துறைமுகத் தண்ணீரைவிடப் பத்து மடங்கு சீசியம்-137 இருந்தது. நடந்தது இதுதான். 2011-ல் அதிகச் செறிவுள்ள கடல்நீர் கரையோரமாகப் போகும்போது அலைகள் அதை மணலுக்குள் அடித்தன. மணல் துகள்களின் மேல் சீசியம் ஒட்டிக்கொண்டது. மணலுக்கு அடியில் நன்னீர் இருக்கும்வரை பிடியை விடவில்லை. உப்புத் தண்ணீர் ஏறும்போது அதில் இருக்கும் ஏராளமான அயனிகள் இடத்துக்குப் போட்டி போட, சீசியம் கழன்று கடலுக்குத் திரும்புகிறது. லேபில் நாம் செய்யும் அயனிப் பரிமாற்றப் பரிசோதனை, நூறு கிலோமீட்டர் நீளக் காலத்தில். அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, அதனால் நேரடி ஆபத்து இல்லை. ஆனால் நிலையத்தை மட்டும் காவல் காத்தால் போதும் என்ற நினைப்பை அது உடைத்துவிட்டது.

பசிபிக்குக்குப் பதில் ஒரு மூடிய கடல் என்றால் கதையே வேறு. 1986 செர்னோபில் விபத்தின் சீசியம் பால்டிக் கடலில் விழுந்தது. அதற்கு வெளியே போகக் குறுகலான வாசல்தான் உண்டு, தண்ணீர் முழுக்க மாற பல பத்தாண்டுகள் ஆகும். இன்றுவரை உலகின் சீசியம் அதிகமுள்ள கடல்களில் அதுவும் ஒன்று.

2023 ஆகஸ்ட் 24

உலைகளைக் குளிர்வித்த தண்ணீரைச் சுத்திகரித்து ஆயிரத்துக்கு மேற்பட்ட தொட்டிகளில் சேர்த்து வைத்தார்கள். 13 லட்சம் டன்னுக்கு மேல். சுத்திகரிப்பு 62 வகைக் கதிரியக்கப் பொருட்களை வடிகட்டும், டிரிட்டியத்தை வடிகட்டாது. அது ஹைட்ரஜனின் ஐசோடோப்பு, தண்ணீர் மூலக்கூறாகவே மாறிவிடும். தண்ணீரிலிருந்து தண்ணீரை எப்படிப் பிரிப்பது? லிட்டருக்கு 1500 பெக்கரலுக்குக் கீழே நீர்த்து, ஒரு கி.மீ. நீளச் சுரங்கம் வழியாக, வருஷத்துக்கு 22 டெரா பெக்கரலுக்கு மிகாமல் கடலில் விட 2023 ஆகஸ்ட் 24-ல் தொடங்கினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கே சொல்லும் வழிகாட்டு அளவு 10,000. பிரான்ஸின் லா ஹேக் மறுசுழற்சி ஆலை வருஷத்துக்குச் சுமார் 10,000 டெரா பெக்கரல் டிரிட்டியத்தைக் கடலில் விடுகிறது. டிரிட்டியம் சீசியம் மாதிரி தசையில் தங்குவதும் இல்லை. எண்களை மட்டும் பார்த்தால், 2011 ஏப்ரலோடு இதை ஒரே மூச்சில் பேசுவதே அநியாயம்.

எண்ணில் தீராத ஒன்று இருக்கிறது. தொட்டிகளில் இருந்த தண்ணீரில் பெரும்பகுதியில் டிரிட்டியம் தவிர மற்றவையும் வரம்புக்கு மேல் இருக்கின்றன, மறுபடி சுத்திகரிக்க வேண்டும் என்று டெப்கோ 2018-ல்தான் ஒத்துக்கொண்டது. சம்பந்தப்பட்டவர்களின் புரிதல் இல்லாமல் கடலில் விட மாட்டோம் என்று 2015-ல் ஃபுகுஷிமா மீனவர் கூட்டுறவுக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஜப்பானின் தேசிய மீனவர் கூட்டமைப்பு எதிர்ப்பை விலக்கிக்கொள்ளாத நிலையிலேயே மடையைத் திறந்தார்கள். அதே நாளில் சீனா ஜப்பானியக் கடல் உணவு அத்தனைக்கும் தடை போட்டது. ஜப்பானிய மொழியில் ஃபூஹ்யோ ஹிகாய் என்று ஒரு சொல் உண்டு. பொருளில் குறை இல்லாமலேயே பேரால் வரும் நஷ்டம். மீனவர்கள் பயந்தது டிரிட்டியத்துக்கு இல்லை, இதற்கு.

அவர்கள் தங்கள் பக்கம் செய்ததைப் பாருங்கள். அரசு வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல், ஃபுகுஷிமா கூட்டுறவு தனக்குத்தானே வைத்துக்கொண்டது 50. ஒவ்வொரு நாளும் கரைக்கு வரும் ஒவ்வொரு வகை மீனிலும் ஒன்றை எடுத்து, நறுக்கி, அளந்த பிறகே ஏலம். 2022 ஜனவரியில் நிலையத்திலிருந்து சுமார் 50 கி.மீ. வடக்கே ஷின்ச்சி என்ற ஊருக்கு அருகே பிடித்த குரோசோய் என்னும் பாறை மீன் ஒன்றில் 1400 பெக்கரல் காட்டியது. அந்த வகையையே விற்பதை நிறுத்திவிட்டார்கள். துறைமுகத்துக்குள் வளர்ந்த மீன் வெளியே வந்திருக்கலாம் என்ற சந்தேகம். 2023 மே மாதம் துறைமுகத்துக்குள்ளேயே பிடித்த இன்னொரு குரோசோயில் 18,000. மீன் வெளியே போகாமலிருக்கத் துறைமுக வாயில் வலை கட்டியிருக்கிறார்கள். பசிபிக்கின் மறுகரையில் எண் ஒற்றை இலக்கத்தில் நின்று எட்டு வருஷம் ஆன பிறகும், அந்த வலைக்கு இந்தப் பக்கம் தொழில் செய்யும் ஃபுகுஷிமா கரையோர மீனவர்களின் பிடிப்பு, விபத்துக்கு முந்தைய அளவில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருந்தது.